கபசுரக் குடிநீர் குடித்த நாட்கள்: உங்கள் அனுபவம் என்ன?

சேலத்து மருமகள்
2021 மே, கொரோனா இரண்டாம் அலை. எல்லாருக்கும் தெரிந்த அதே மே. மாமனாருக்கு ஆக்சிமீட்டர் 88 காட்டியது. ஆம்புலன்ஸுக்குச் சொல்லலாம் என்றால், எவர்சில்வர் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னும் ஒரு வேளை கஷாயம் குடிக்கிறேன், விடிந்ததும் பார்க்கலாம்" என்கிறார். ஒரு கையில் டம்ளர், இன்னொரு கை விரலில் கருவி. அவர் வாய் வைத்து உறிஞ்சும்போதே 88 போய் 86 வந்தது. அந்தச் சிவப்பு எண் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆக்சிஜன் வைத்துப் பிழைத்து வந்தார். கேட்டால், காப்பாற்றியது கஷாயம்தான் என்கிறார்! சிலிண்டரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

சரக்குக்கடைக்காரர்
அம்மா, பழியைக் கஷாயத்தின் மேல் போடாதீர்கள். அவர் குடித்தது எந்தக் கடைத் தூள் என்று தெரியுமா? பதினைந்து சரக்கு சேர வேண்டும். அந்த நாட்களில் அதில் ஒன்றான அக்கரகாரம் வேர் கண்ணிலேயே படவில்லை. "அது இல்லாவிட்டால் போகிறது, இருப்பதை இடித்துக் கொடுங்கள்" என்று ஒருவர் கடை வாசலில் சண்டைக்கே வந்தார். முடியாது என்றேன். எதிர்க்கடையில் பொட்டலம் வாங்கி, என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

சாலிகிராமம் முகாம்
2020-இல் சென்னை சாலிகிராமம் சித்த மருத்துவ கொரோனா மையத்தில் இருந்தேன். காய்ச்சல் லேசுதான், ஆனால் மூக்கு செத்துப்போயிருந்தது. கஷாயம் வெந்நீர் போலவே இறங்கும். ஒருநாள் காலை, வாளி அறைக்கு வெளியே வரும்போதே ஆடாதோடையும் நிலவேம்பும் கலந்த அந்த நெடி குப்பென்று ஏறியது. அவ்வளவு கசப்பான வாடைக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன். என்னோடு இருந்தவர்கள் எல்லாரும் நலமாக வீடு திரும்பினார்கள்.

திருச்சி ஓய்வு ஆசிரியர்
லேசான நோயாளிகளைத்தானே தம்பி அங்கே சேர்த்தார்கள்? அவர்களில் பெரும்பாலோர் வெறும் கஞ்சி குடித்திருந்தாலும் எழுந்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் குடித்தோம், பேரன் துப்பினான், அவ்வளவே. ஆனால் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். 5 கிராம் தூளை 240 மில்லி நீரில் போட்டு 60 மில்லியாகச் சுண்டவைக்க வேண்டும். காலையில் காய்ச்சியதை இரவு வரை வைக்கக் கூடாது. இதில் சீந்தில் கொடி சேர்கிறது, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேளுங்கள். சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள், ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் என்ற பொருள், கொரோனா வகையைச் சேர்ந்த பழைய சார்ஸ் வைரஸைத் தடுத்ததாக 2003-இல் ஜெர்மனியில் கண்டார்கள். ஆய்வகச் செல்களில், மனித நுரையீரலில் அல்ல. தாய்லாந்தில் நிலவேம்பை லேசான நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அதுபற்றிய ஒரு ஆய்வறிக்கையை, கணக்கில் பிழை இருந்ததால், அதை எழுதியவர்களே 2021-இல் திரும்பப் பெற்றார்கள். மூலிகையின் மூலக்கூறு ஒன்று வைரஸ் புரதத்தில் பொருந்துகிறது என்று கணினியில் காட்டினாலும், அது மருந்தாகிவிடாது. மேலும், ஆவி பிடிக்கும்போது குழந்தைகளைப் பக்கத்தில்...

சேலத்து மருமகள்
ஐயா, கேட்டது அனுபவம். உங்கள் பேரன் துப்பிய கதையை முழுதாகச் சொல்லுங்கள், அதைப் படிக்கிறோம்.

சரக்குக்கடைக்காரர்
ஐயா, கபசுரத்தில் அதிமதுரமே கிடையாது.