புதுப்பிப்பு: மாவு வண்டியில் மாட்டிய சென்சார்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: பெங்களூரில் அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டு கடைகளுக்கு இட்லி மாவு கொண்டுபோகும் குளிர்பெட்டி வண்டியில் வெப்பநிலை சென்சார் மாட்டினோம். பாதி நேரம் தகவலே வராது, வந்தால் ஓயாமல் அலாரம். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பாதி தீர்ந்திருக்கிறது.

நான் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். குற்றவாளி பெட்டியின் தகரம். உலோகச் சுவர் ரேடியோ அலையை வெளியே விடுவதில்லை. ஆன்டெனாவை ஒயர் போட்டு வெளியே எடுத்ததும் சரியாகிவிட்டது.

அலாரம் வேறு கதை. சென்சார் கதவோரம் தொங்கியது. ஒவ்வொரு கடையிலும் கதவைத் திறந்தால் காற்று 12, 13 டிகிரிக்கு ஏறும். மாவோ 4 டிகிரியிலேயே இருக்கும். இப்போது சென்சார் முனையைச் சின்னத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டிருக்கிறோம். தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும், அதனால் மாவின் நிலையோடு ஓரளவு ஒத்துப்போகிறது. அலாரம் அடிக்கும் வரம்பு அதே 5 டிகிரிதான். (சென்சார் சரியாகக் காட்டுகிறதா என்று நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்து சோதித்தேன். பூஜ்யம் காட்ட வேண்டியது 1.5 காட்டியது! விற்றவர், "ஆப்பில் திருத்திக்கங்க சார்" என்றார்.)

தீராதது டிரைவர் அண்ணன் விவகாரம். "என்னை வேவு பார்க்கவா தம்பி இது?" என்று கேட்டார். வழியில் டின் ஃபேக்டரி சந்திப்பு நெரிசலில் அவர் கூலரை அணைப்பது கிராஃபில் அப்படியே தெரிகிறது. ஆனால் டீசல் செலவை அவருக்குத் தரும் வண்டி வாடகைக்குள் அடக்கியது நான்தானே, அவர் மிச்சம் பிடிக்கத்தான் பார்ப்பார். இந்த மாதத்திலிருந்து கூலர் டீசல் என் கணக்கு. அப்புறம் பார்க்கலாம்.