ஒரு கண் ஒதுங்கி நிற்கும் ஹாலிவுட் நடிகர் ஜாக் ஈலமை முதலில் எதில் பார்த்தீர்கள்?

வடக்குத்தெரு:
எனக்குப் பிறவியிலேயே இடது கண் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். கல்லூரி விடுதியில் ஒரு ராத்திரி 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' என்ற கௌபாய் படம் போட்டார்கள். ஆரம்பக் காட்சிதான் உங்களுக்குத் தெரியுமே, ரயிலுக்குக் காத்திருக்கும் மூன்று பேர், கிறீச்சிடும் காற்றாடி. ஈலம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். தாடியில் ஒரு ஈ. கையைத் தூக்காமல் உதட்டைக் கோணி ஊதி ஊதிப் பார்க்கிறார். கடைசியில் அதைத் துப்பாக்கிக் குழாய்க்குள் அடைத்து, விரலால் மூடி, காதோரம் வைத்துக் கேட்கிறார். அந்த முரட்டு முகத்தில் சின்னப் பிள்ளைச் சிரிப்பு. அப்போது பார்த்து எவனோ "டேய், உன் கண்ணுடா!" என்றான். அறையே திரும்பி என்னைப் பார்த்தது. இன்றைக்கும் அந்தக் குரல் காதில் கேட்கிறது.

மணல்மேடு:
நான் பார்த்தது 'கன்ஸ்மோக்' என்ற கௌபாய் டிவி தொடரில். ஒரு எபிசோடில் செத்துப்போவார், இன்னொன்றில் வேறு பெயரில் வந்து நிற்பார். கண்ணாடிக் கண் வைத்த வில்லன், அவ்வளவுதான்.

பேரேடு:
மணல்மேடு, அது கண்ணாடிக் கண் இல்லை, பார்வை போன சொந்தக் கண். வில்லன் மட்டும்தான் என்பதும் தப்பு. 1963-இல் 'தி டகோட்டாஸ்' தொடரில் சட்டத்தின் பக்கம் நிற்கும் டெபுடி, அதாவது துணைக் காவல் அதிகாரி அவர். 1969-க்குப் பிறகு நகைச்சுவையிலும் கலக்கினார். எனக்கு அவரைப் பிடிக்கக் காரணமே வேறு. அவர் கணக்காளராக இருந்தவர். எண்களையே பார்த்துக்கொண்டிருந்தால் நல்ல கண்ணும் போய்விடும் என்று டாக்டர் சொன்னதால்தான் நடிக்க வந்தார். படத்துக்குப் பணம் ஏற்பாடு செய்துகொடுத்து, அதற்குப் பதில் வேஷம் கேட்டார். மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் ராத்திரிகளில் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

ரெண்டு பசங்க அம்மா:
அவர் கண் போனது சின்ன வயதில், சாரணர் கூட்டத்தில் இன்னொரு பையனின் பென்சில் குத்தி. அதைப் படித்த அன்று வீட்டில் இருந்த கூர்ப் பென்சிலையெல்லாம் எடுத்து ஒளித்தேன். அடுத்த வாரமே சின்னவன் அண்ணன் கண்ணில் குத்திவிட்டான். நல்லவேளை, இமையோடு போயிற்று. எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள்: கண்ணில் குத்திவிட்டால் தேய்க்கவே கூடாது, அழுத்தக் கூடாது, தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. ஏதாவது சொருகி நின்றால் பிடுங்காதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். ஒரு காகிதக் கப்பைக் கண்ணில் படாமல் மேலே வைத்து ஒட்டி, நேரே கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஒரு கண்ணில்தான் பார்வை என்றால் பவர் இல்லாவிட்டாலும் எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போடுங்கள், இருக்கிற கண்ணுக்கு அதுதான் காவல். வடக்குத்தெரு தம்பி, நீங்களும் உடனே டாக்டரைப் பாருங்கள்.

வடக்குத்தெரு:
அக்கா, எனக்குப் பார்வை ரெண்டிலும் இருக்கிறது, வருஷா வருஷம் காட்டுகிறேன். பேரேடு, அந்த 'டகோட்டாஸ்' எங்கே கிடைக்கும்? டெபுடியாக அவரைப் பார்க்க வேண்டும்.