தானே புயலுக்கு அப்புறம் 23 நாள்

எங்கள் ஊர் பண்ருட்டிப் பக்கம், சுற்றிலும் முந்திரிக்காடு. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் தானே புயல் கரையைக் கடந்தது. முந்தின ராத்திரியே கரண்ட் போய்விட்டது. காலையில் கதவைத் திறந்தால் தெருவே தெரியவில்லை. வாசல் பலாமரம் கரண்ட் கம்பியையும் இழுத்துக்கொண்டு படுத்துக் கிடந்தது. கம்பம் சாய்ந்திருந்தால் நிமிர்த்திவிடலாம். இங்கே எல்லாம் பாதியில் முறிந்து, உள்ளே இருக்கும் இரும்புக்கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. "பொங்கலுக்கும் வராதுடா" என்றார் அப்பா.

வரவில்லைதான். இருட்டு நாலு நாளில் பழகிவிட்டது, தண்ணீர்தான் பெரும்பாடு. மோட்டார் ஓடினால்தானே தொட்டியில் ஏறும்? டிராக்டரில் ஜெனரேட்டரை வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். எங்களுக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை. அம்மா விடியுமுன்னே குடத்தை வரிசையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்.

பக்கத்திலேயே நெய்வேலி, 1962லிருந்து மின்சாரம் எடுக்கிற ஊர். ராத்திரி மாடியில் நின்றால் தூரத்தில் அந்த வெளிச்சம் தெரியும். கரண்ட் இருந்தது, எங்கள் வரைக்கும் கொண்டுவரக் கம்பம்தான் இல்லை.

வெளி மாவட்டத்து லைன்மேன்கள் வந்து பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள். லாரி கம்பத்தை ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போய்விடும். விழுந்த மரங்களைத் தாண்டி உள்ளே வண்டி போகாது. அவர்களோடு சேர்ந்து நாங்களும் கயிறு கட்டித் தோளில் தூக்கினோம். மதுரைப் பக்கத்து அண்ணன் ஒருவர் மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். சோற்றில் கை வைத்தவர் சட்டென்று எடுத்துவிட்டார். உள்ளங்கை முழுக்கத் தோல் உரிந்து சிவந்திருந்தது. "அக்கா, ஒரு ஸ்பூன் இருந்தா குடுங்க, குழம்பு எரியுது" என்றார். அம்மா ரசத்தையும் குழம்பையும் எடுத்துவிட்டு மோர்சோறு பிசைந்து கொடுத்தார்.

பிறகு கடலூர் நகரத்தில் கேபிளைத் தரைக்கடியில் கொண்டுபோனார்கள். நல்ல வேலை. கிராமத்துக்கு அது வரும்வரை, ஐப்பசி பிறக்குமுன் ஊர்ப்பக்கத்திலேயே நாலு கம்பமாவது இருப்பு வைக்கலாம். புயல் எங்களுக்குப் புதிதில்லையே.

23ஆம் நாள் சாயங்காலம் லைட் எரிந்தது. அந்த அண்ணன் அப்போது இல்லை, முந்தின நாளே அடுத்த ஊருக்குக் கம்பம் நடப் போய்விட்டார். பேர்கூடக் கேட்டு வைக்கவில்லை. அம்மா இன்னும் விசாரிக்கிறார். 2012 ஜனவரியில் எங்கள் பக்கம் வேலைக்கு வந்தவர்கள் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.