மூக்குக்கு விடுதலை

குழு: நம்ம குடும்பம்

ரேவதி: அம்மா நேத்து டிஸ்சார்ஜ் ஆகி வந்துட்டாங்க. நிமோனியா குறைஞ்சிருக்கு, ஆனா ரெண்டு வார்த்தை பேசினாலே இழுக்குது. ஞாயித்துக்கிழமை பார்க்க வர்றவங்க தயவுசெஞ்சு மாஸ்க் போட்டுட்டு வாங்க. சளி, இருமல் இருந்தா அடுத்த வாரம் வாங்க.

கமலா அத்தை: சரிம்மா 🙏

சுமதி சித்தி: அக்கா தூங்குறாங்களா நல்லா

முரளி சித்தப்பா: (பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது) ⚠️ மாஸ்க் அணிபவர்களே உஷார்!! நீங்கள் விட்ட கரியமில வாயுவையே நீங்கள் சுவாசிக்கிறீர்கள்!! டாக்டர்கள் மறைக்கும் உண்மை!! பத்து பேருக்கு அனுப்பவும்!!

தீபக்: அப்பா, இதை 2020லயே அனுப்பிட்டீங்க

தீபக்: இதே குழுவுல

முரளி சித்தப்பா: உண்மைக்கு வயசு கிடையாது.

கமலா அத்தை: டேய் முரளி, என் ஏணி எங்க?

சுமதி சித்தி: தினமும் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்து மூடிக்கிட்டு குறட்டை விடுறாரு. அந்த கரியமில வாயு எங்க போகுதுன்னு கேட்டுச் சொல்லுங்க

முரளி சித்தப்பா: அது வேற இது வேற. மாஸ்க்ல இருக்கற ஓட்டை வழியா வைரஸ் சர்வ சாதாரணமா உள்ள வந்துரும். அப்புறம் எதுக்குப் போடணும்?

பாலு மாமா: முரளி, சுருக்கமா சொல்லிடறேன். ஒரு கொரோனா வைரஸ் சுமார் 100 நானோமீட்டர். கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு அதைவிடக் கிட்டத்தட்ட 300 மடங்கு சின்னது. அவ்வளவு பெரிய வைரஸ் உள்ள வர்ற ஓட்டையில இத்தனூண்டு வாயு வெளிய போக முடியாதா? ரெண்டுல ஒண்ணை வச்சுக்கோங்க. அடுத்தது, வைரஸ் தனியா பறந்து வர்றதில்ல, எச்சில் துளியில, சளித் திவலையில ஏறித்தான் வருது. அதுவும் போக என்95 வெறும் சல்லடை இல்ல. அதோட இழையில மின்னூட்டம் இருக்கு, துகளை இழுத்து ஒட்ட வச்சுக்கும். ஆபரேஷன் பண்ற டாக்டருங்க மணிக்கணக்கா போட்டுட்டு நிக்கறாங்க, யாரும் மயங்கி விழல.

முரளி சித்தப்பா: சுருக்கம்னீங்க மச்சான்

பாலு மாமா: இன்னும் முடிக்கல.

தீபக்: அப்பா தனியாள் இல்ல. 1918ல ஃப்ளூ வந்தப்போ சான் பிரான்சிஸ்கோவுல மாஸ்க் கட்டாயம்னு சட்டம் போட்டாங்க. நவம்பர்ல எடுத்துட்டாங்க. மறுபடி நோய் ஏறவும் 1919 ஜனவரியில மறுபடி சட்டம். உடனே மாஸ்க் எதிர்ப்புச் சங்கம்னே ஒண்ணு கிளம்பிருச்சு

முரளி சித்தப்பா: பார்த்தியா! விவரமான ஜனங்க.

தீபக்: அந்த ஊர் மேயரே குத்துச்சண்டை பார்க்கப் போன இடத்துல மாஸ்க் இல்லாம போட்டோவுல மாட்டி அபராதம் கட்டினாரு

முரளி சித்தப்பா: மனசாட்சி உள்ள மனுஷன்.

முரளி சித்தப்பா: சங்கம் இப்பவும் இருக்கா?

தீபக்: 😂😂

தீபக்: தலைவர் ஒரு பெண் வக்கீல்

சுமதி சித்தி: அப்போ நம்ம கிளைக்கு நான்தான் தலைவர். முதல் தீர்மானம், ஞாயித்துக்கிழமை உங்கப்பா வாயைத் திறக்கக் கூடாது

பாலு மாமா: 1910 கடைசியில, சீனாவோட வடகிழக்குல இருக்கற மஞ்சூரியாவுல நுரையீரல் பிளேக். பினாங்குல பிறந்த வூ லியன்-தேன்னு ஒரு இளம் டாக்டர், இது மூச்சுக்காத்துல பரவுதுன்னு கண்டுபிடிச்சு, பஞ்சும் காயத்துக்குக் கட்டற மெல்லிசுத் துணியும் வச்சு மாஸ்க் தைக்கச் சொன்னார். மெஸ்னின்னு ஒரு பிரெஞ்சு டாக்டர், அனுபவஸ்தர், இவன் சொல்லி நான் கேக்கறதான்னு வெறும் முகத்தோட நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாள்லயே அதே பிளேக்ல போய்ச் சேர்ந்தார். 1911 ஜனவரி. அதுக்கப்புறம்தான் மத்தவங்க மாஸ்க்கைத் தேடினாங்க.

கமலா அத்தை: ஐயோ பாவம்

முரளி சித்தப்பா: அவருக்கு வேற ஏதாவது இருந்திருக்கும்.

ரேவதி: சித்தப்பா, அம்மாவுக்காக ஒரு அரை மணி நேரம். அவ்வளவுதான்.

முரளி சித்தப்பா: உன் கல்யாண ஆல்பத்துல என் முகத்தைப் பாதியா வெட்டினீங்க. இப்போ மீதியையும் மூடச் சொல்றீங்க.

கமலா அத்தை: ஆரம்பிச்சுட்டான்

ரேவதி: அது போட்டோகிராஃபர் பண்ணது சித்தப்பா 😭

தீபக்: 2020ல மட்டும் சமத்தா போட்டாரே. தாடையில

தீபக்: இன்னிக்கு வரைக்கும் அந்தத் தாடைக்கு ஒரு நோய் வந்ததில்ல

முரளி சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுமதி சித்தி: நான் படிச்சுட்டேன்

முரளி சித்தப்பா: சரி. நான் உள்ள வரல. வெளிய ஜன்னல் பக்கமா நின்னு அண்ணியைப் பார்த்துட்டுப் போறேன். மூக்கைக் கட்ட மாட்டேன். இது கொள்கை.

ரேவதி: அம்மா மாடி ரூம்ல இருக்காங்க சித்தப்பா

தீபக்: ஏணி நம்மகிட்டதான் இருக்கு அத்தை

கமலா அத்தை: எனக்கு அப்பவே தெரியும்

பாலு மாமா: திறந்தவெளியில பரவுறது குறைவுதான், அதையும் சொல்லிடறேன். காத்தோட்டம் இருந்தா என்ன ஆகும்னா

சுமதி சித்தி: அண்ணா நாளைக்கு

கமலா அத்தை: காலையில வரணுமா சாயங்காலமா, அதை முதல்ல யாராவது சொல்லுங்க

ரேவதி: சாயங்காலம் 5 மணிக்கு மேல அத்தை. ஒரே நேரத்துல ரெண்டு பேர் போதும்.

முரளி சித்தப்பா: 5 மணி எனக்குத் தோதுப்படாது.