புதுப்பிப்பு: இருட்டில் மணலில் அம்மா தடுமாறியது ஏன்?

உள்காது நோய்க்குப் பிறகு வீட்டுக்குள் ஒழுங்காக நடக்கிற அம்மா, உப்புவெளிக் கடற்கரையில் இருட்டியதும் ஏன் சாய்கிறார் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். கால் பலவீனம் என்றே பலர் சொன்னீர்கள். காரணம் கால் இல்லை.

திருகோணமலையில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவை நிற்க வைத்துப் பார்த்தார். முதலில் வெறுந்தரையில் கண் திறந்து, பிறகு மூடி. அப்புறம் தடித்த ஸ்பொஞ்சின் மேல் அதேபோல. ஒவ்வொன்றும் 30 செக்கன். முதல் மூன்றில் பிரச்சினையே இல்லை. ஸ்பொஞ்சில் கண்ணை மூடியதும் சரிந்துவிட்டார், நல்லவேளை பிடித்துக்கொண்டோம்.

நிமிர்ந்து நிற்கக் கண், பாதமும் மூட்டும் தரும் உணர்வு, உள்காது மூன்றும் உதவுகின்றன. ஸ்பொஞ் பாதத்தைக் குழப்பிவிடும். கண்ணும் மூடினால் பெரும்பாலும் உள்காதைத்தான் நம்ப வேண்டும். இருட்டு மணலிலும் இதே நிலைதான். பாதம் தரும் அழுத்தத்தை அளக்கும் விசைத்தட்டில் நிறுத்தி உடலின் ஆட்டத்தைத் துல்லியமாக அளக்கும் கருவிகளும் உண்டு. ஆனாலும் ஒரு ஸ்பொஞ்சும் மணிக்கூடும் இவ்வளவு காட்டியது எனக்குப் பெரிய ஆறுதல். எந்தக் காதில் பழுது என்பதை மட்டும் இது சொல்லாது, அதற்கு வேறு பரிசோதனை வேண்டும்.

சமநிலைப் பயிற்சி தொடங்கிவிட்டோம். குளியலறைப் பாதையில் இரவு விளக்கும் போட்டாயிற்று. வீட்டில் முயல்பவர்கள் தயவுசெய்து பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்யாதீர்கள்.