மழைநீர் பிஎச் 6 காட்டினால் நெய்வேலிப் புகை குற்றமற்றதா?

கொள்ளிடக்கரை:
ஐப்பசி மழையில் பிஎச் (7க்குக் கீழே இறங்க இறங்க அமிலம் கூடுவதைக் காட்டும் அளவு) 6க்குக் கீழே இறங்கவில்லை என்று மேலே ஒருவர் போட்டிருக்கிறார். சுத்தமான மழையே கரியமில வாயுவால் 5.6 வரை இறங்கும். அப்புறம் டெல்டாவில் அமில மழை எங்கே? நெய்வேலி அனல்மின் நிலையப் புகை மேல் பழி போடுவது வீண்.

வேதியன்:
பிஎச்சை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீங்க சார். புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு வெயிலில் ஹைட்ராக்சில் ரேடிக்கலோடு (காற்றில் உண்டாகும், சட்டென்று வினைபுரியும் துணுக்கு) சேர்ந்து கந்தக அமிலமாவது மெதுவான வழி, மணிக்கு சுமார் 1 சதவீதம். வாடைக்காற்று மணிக்கு 15 கி.மீ. என்றால் நெய்வேலிப் புகை கும்பகோணம் வர நாலைந்து மணி நேரம். அதற்குள் மாறுவது கொஞ்சம்தான். மேகத்துக்குள் புகுந்தால் கதை வேறு. துளியிலுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு, தான் தீரும்வரை, மளமளவென்று அமிலமாக்கிவிடும்.

அந்த அமிலத்தை மறைப்பது நம்ம யூரியா. தேங்கிய தண்ணீரில் வீசினால், பாசி படர்ந்த வயலில் மதிய வெயிலுக்கு பிஎச் 9 வரை ஏறி, அம்மோனியா காற்றோடு போகும். 98 கிராம் கந்தக அமிலத்தை 34 கிராம் அம்மோனியா அடக்கி, 132 கிராம் அம்மோனியம் சல்பேட் ஆக்கும். பிஎச் 6 என்று மீட்டர் சொல்லும். கந்தகம் அப்படியே இருக்கும்.

கொள்ளிடக்கரை:
இருந்தால் என்ன? அம்மோனியம் சல்பேட்டை உரக்கடையில் காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம்! ஏக்கருக்கு 200 கிலோ ஜிப்சம் போடுவதில் கந்தகமும்தான் சேர்கிறது. பழைய டெல்டாக் களிமண் இந்த அமிலத்துக்கெல்லாம் அசராது.

வேதியன்:
களிமண்ணுக்குச் சரி. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கச் செம்மண்ணுக்கு அந்தத் தாங்குதிறன் கிடையாது. மழையோடு இறங்கிய அம்மோனியம், மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் திரும்ப வரும். தண்ணீர் கட்டிய நெல் வயலில் குறைவு, கடலைக்கொல்லையில் அதிகம். அதைவிட, மழைக்கு முன் அந்த அம்மோனியம் சல்பேட் உப்பு 2.5 மைக்ரானுக்கும் சிறிய தூசியாகக் காற்றில் மிதக்கிறது. நுரையீரலுக்கு அது உரமில்லை.

சுதைமேஸ்திரி:
கோபுரத்தை விட்டுட்டீங்களே. பெரிய கோயில் கருங்கல்லுக்கு ஒண்ணும் ஆகாது. குடந்தைக் கோபுரங்களின் சுண்ணாம்புச் சுதைக்குத்தான் ஆபத்து. மழை கழுவாத கபோதத்தின் (வெளியே நீட்டிய கூரை விளிம்பு) அடியில் சுண்ணாம்பு கந்தகப் புகை பட்டு ஜிப்சமாகி, கரி ஒட்டிக் கறுப்புப் பொருக்காகும். மேலே வெள்ளையடித்தால் பொருக்கோடு உரிந்து வரும்.

கொள்ளிடக்கரை:
அது பஸ், லாரிப் புகை.

வேதியன்:
கரி வேண்டுமானால் லாரியுடையது. டீசலில் 2020 ஏப்ரல் முதல் கந்தகம் 10 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 10 பங்கு). 1 சதவீதக் கந்தகமுள்ள பழுப்பு நிலக்கரி ஒரு டன் எரிந்தால் 20 கிலோ வரை கந்தக டை ஆக்சைடு.

சந்தேகமிருந்தால் அளந்து பாருங்கள். காய்ச்சி வடித்த நீரில் கழுவிய பிளாஸ்டிக் புனலை மழை தொடங்கும்போது மட்டும் திறங்கள். முன்பே திறந்தால் தூசியும் காக்கை எச்சமும் பிஎச்சை ஏற்றிவிடும். பிஎச் தாள் மழைநீருக்கு உதவாது, உப்பு ரொம்பக் குறைவு. மீட்டரை பிஎச் 4, 7 பஃபரில் (பிஎச் தெரிந்த கரைசல்) சரிபார்த்து, எண் நிலைக்கும்வரை பொறுங்கள். பிறகு நீரை வடிகட்டி, லேபில் பேரியம் குளோரைடு கலங்கல் முறையில் சல்பேட் பார்க்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை இங்கே போடுங்க, பேசுவோம்.