பாலைவனத்துப் பலூனை உப்புவெளியில் விடலாமா?

கேள்வி:
2015 ஒக்டோபரில் அரிசோனாப் பாலைவனத்தில் போஸ்ட்கொமோடிட்டி என்ற பூர்வகுடிக் கலைஞர் குழு 26 பெரிய பலூன்களை அமெரிக்க-மெக்சிக்கோ எல்லைக்குக் குறுக்கே 2 மைல் நீளத்துக்குப் பறக்கவிட்டது. ஒவ்வொன்றிலும் வட்ட வட்டமாய்க் கண். தோட்டத்தில் குருவி விரட்டக் கட்டுகிற பலூன்தான், பெருப்பித்தது. காவல் கமரா பார்த்துக்கொண்டிருக்கிற எல்லை நிலத்தில் இது திருப்பிப் பார்க்கிறது. திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளிக் கடற்கரையில் அதைப்போல் ஒன்று செய்ய ஆசை. வெறும் நகலாகிவிடுமா?

பதில் 1:
ஆகும், தங்கச்சி. அந்தப் பலூன் வரிசை எல்லை நெடுகப் போகவில்லை, குறுக்கே போய் இரண்டு பக்கத்தையும் தைத்தது. அங்கே விஷயமே அதுதான். உப்புவெளியில் எதை எதோடு தைப்பாய்?

பதில் 2:
கடற்கரையை விடு, திருகோணமலைக் கோட்டையைப் பார். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர், இப்போது இராணுவம். கோணேசர் கோயிலுக்கு அந்த வாசலால்தானே போகிறோம்? மான்கள் மட்டும் யாரையும் கேட்காமல் வாழைப்பழத் தோல் தேடித் திரிகின்றன. ஆனால் உள்ளே எதையும் கட்ட அனுமதி கேட்டு அலைய வேண்டும், அதையும் யோசி.

கேட்டவர்:
சரி, பலூன் வேண்டாம். அம்மம்மா வயலில் கறுத்த மண்சட்டியைக் கவிழ்த்து, சுண்ணாம்பால் புள்ளி குத்தித் தடியில் வைப்பா. கண்ணூறு படாமலிருக்க. இரண்டு புள்ளி பெரிதானால் அதுவும் கண்தான். அடி கருகின பழைய சட்டி யாரிடமாவது இருக்கிறதா? ஓட்டையென்றாலும் பரவாயில்லை, நானே வந்து எடுக்கிறேன்.